அம்மாயி பேசி அனுப்பியதெல்லாம் அழிந்துவிட்டதா?

கேள்வி: பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) எழுதப் படிக்கத் தெரியாது. வாட்ஸ்அப்பில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்ப நான்தான் கற்றுக்கொடுத்தேன். மூன்று வருடமாகத் தினமும் ஏதாவது பேசி அனுப்புவார். போன ஐப்பசியில் தவறிவிட்டார். அதற்குப் பிறகு மனசு கேட்காதபோதெல்லாம் அந்தப் பேச்சைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் இடமில்லை என்று காட்டியதால், ஏழாவது படிக்கும் என் பையன் பழைய சாட்களை அழித்திருக்கிறான். அதில் அம்மாயியின் சாட்டும் போய்விட்டது. ஆண்ட்ராய்டு போன். டவுனில் ஒரு கடையில் கேட்டால், ஆறாயிரம் ரூபாய் ஆகும், போனை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். சித்தப்பா பையன் ஏதோ ஒரு ரெக்கவரி ஆப் போடச் சொல்கிறான். அம்மாயியின் போன் வெள்ளகோவிலில் மாமா வீட்டு பீரோவில் இருக்கிறது. எதைத் தொடவும் பயமாக இருக்கிறது. அம்மாயி குரல் திரும்பக் கிடைக்குமா?

– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அம்மணி, உங்கள் கடிதம் புதன்கிழமை காலையில் கிடைத்தது. இந்த மாதிரி விஷயத்தில் ஒரு நாள் தள்ளினாலும் நஷ்டம் என்பதால், இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மூன்று வரி எழுதி அனுப்பினேன். வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி போடாதீர்கள். புதிதாக எந்த ஆப்பும் ஏற்றாதீர்கள். செட்டிங்ஸில் சாட் பேக்கப் பக்கத்துக்குப் போய், கடைசி பேக்கப் எப்போது நடந்தது என்று குறித்துக்கொண்டு, தானாக பேக்கப் எடுப்பதை நிறுத்திவையுங்கள். நீங்களும் உடனே பார்த்து, ‘வாராவாரம் என்று போட்டிருக்கிறது, கடைசியாக ஞாயிறு அதிகாலை எடுத்திருக்கிறது, நிறுத்திவிட்டேன்’ என்று பதில் போட்டீர்கள்.

அதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பையன் அழித்தது ஞாயிறு சாயங்காலம். கூகுளுக்கு நகல் போனது அன்று அதிகாலை. அப்படியென்றால் அம்மாயியின் சாட் முழுசாக இருந்தபோது எடுத்த நகல் ஒன்று இப்போதும் இருக்கிறது. கூகுளில் வாட்ஸ்அப் ஒரே ஒரு நகலைத்தான் வைத்துக்கொள்ளும். புதியது ஏறினால் பழையது போய்விடும். நிறுத்தாமல் விட்டிருந்தால் வருகிற ஞாயிறு விடிவதற்குள் இந்த நகலும் போயிருக்கும். கூகுள் நகலைப் பொறுத்தவரை இனி அவசரமில்லை. நிதானமாகச் செய்யலாம்.

செய்வதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம்மூரில் கிணற்றுக்குள் சொம்போ வாளியோ விழுந்துவிட்டால், பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவி எடுப்பார்கள். அழிந்த சாட்டும் போனுக்குள் எங்கேயோ அடியில் கிடக்கிறது, அதற்கென்று ஒரு கரண்டி கடைக்காரர் வைத்திருப்பார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய போன்களில் அது ஓரளவு உண்மை. மெமரி கார்டில் அழிந்துபோன கல்யாணப் போட்டோக்களை நானே எத்தனையோ பேருக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே எழுதப்படுவது எல்லாமே பூட்டிய நிலையில்தான் எழுதப்படுகிறது. ஒரு கோப்பை அழித்தால் அதைத் திறக்க வேண்டிய சாவியும் கூடவே போய்விடுகிறது. காலியான இடத்தையும் போனே துடைத்து அடுத்த வேலைக்குத் தயாராக்கிவிடுகிறது. அழிந்த குரல் கோப்பைத் துழாவி எடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அதனால் என் தொழிலில் இன்றைக்கு மீட்பது என்றால், அதே பேச்சின் நகல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான். அந்த நகலும் அழிவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். உங்களுக்கு அப்படி நாலைந்து இடம் இருக்கிறது.

முதல் இடம் உங்கள் போனேதான். சாட்டை அழிக்கும்போது வாட்ஸ்அப் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டும்: இந்தச் சாட்டில் வந்த மீடியாவையும் போனிலிருந்து அழிக்கட்டுமா என்று. அதில் டிக் இல்லாமல் அழித்திருந்தால், திரையில் தெரிகிற உரையாடல்தான் போகும். குரல் கோப்புகள் போனிலேயே தங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டிக் இருந்ததா என்று பையனிடம் கேளுங்கள். மிரட்டிக் கேட்காதீர்கள், பயந்த பிள்ளைக்கு நடந்தது ஞாபகம் வராது. அம்மாவின் போனில் இடம் பண்ணித் தர நினைத்த பிள்ளை அவன். தேடும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளைத் தேடுவதில் அவன் விரல் நம் விரலைவிட வேகமாக ஓடும்.

போனில் ஃபைல்ஸ் என்றோ ஃபைல் மேனேஜர் என்றோ ஓர் ஆப் ஏற்கெனவே இருக்கும். அதில் இன்டர்னல் ஸ்டோரேஜைத் திறந்து, ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் ‘காம் டாட் வாட்ஸ்அப்’, ‘வாட்ஸ்அப்’, மறுபடி ‘மீடியா’ என்று உள்ளே உள்ளே போனால் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் வரும். அதைத் திறந்தால் வரிசையாக ஆறு இலக்க எண்கள். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 202403 என்று ஓர் எண் இருந்தால் அது 2024 மார்ச் இல்லை. 2024-இன் மூன்றாவது வாரம். அதாவது அந்த வருடத்துப் பொங்கல் வாரம். அந்த ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கோப்பின் பெயரும் பி.டி.டி. என்ற மூன்று எழுத்தில் தொடங்கி, அடுத்து எட்டு இலக்கத்தில் தேதி இருக்கும். 20240116 என்றால் ஜனவரி 16, மாட்டுப் பொங்கல். அடுத்த நாள் பூப்பறிக்கிற நோம்பிக்கு ஊருக்கு வரச்சொல்லி அம்மாயி பேசியிருந்தால் அது அங்கேதான் இருக்கும்.

ஒரு சிரமம் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோப்பின் பெயரில் யார் பேசினார்கள் என்பது இருக்காது. அம்மாயி, அக்கா, பள்ளிக்கூட வேன் டிரைவர், மகளிர் குழுத் தலைவி என்று உங்களுக்குப் பேசி அனுப்பிய எல்லார் குரலும், நீங்கள் பேசி அனுப்பியதும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். கோப்பின் விவரத்தைத் திறந்தால் பெரும்பாலும் மணியும் தெரியும். அம்மாயி வழக்கமாகப் பால் கறந்து முடித்துக் காலையில் பேசுகிறவர் என்றால், காலை நேரக் கோப்புகளை முதலில் கேட்கலாம். பாட்டுப் போடும் ஆப்பில் இவை தெரியாது, ஃபைல் மேனேஜர் வழியாகத்தான் திறக்க வேண்டும். எதையும் வெட்டி ஒட்டாதீர்கள், நகல் மட்டும் எடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் கோபிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் போனோடு என்னிடம் வந்தார். அவருடைய அப்பாவின் சாட் இப்படித்தான் போயிருந்தது. அந்த ஃபோல்டரைத் திறந்து, ஒரு தேதியைப் பார்த்து ஒரு கோப்பைத் தட்டினேன். முதலில் மூன்று நொடிக்குப் பேச்சே இல்லை, மோட்டார் ஓடுகிற சத்தமும் தண்ணீர் விழுகிற சத்தமும்தான். அப்புறம், “மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டீட்டு இருக்கறனப்பா, நீ சாப்புட்டயா?” என்று ஒரு குரல். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வந்துதான் அடுத்த கோப்பைக் கேட்டார். அன்றைக்கு அவருக்கு ஐம்பதுக்கு மேல் கிடைத்தது. நான் செய்த வேலை ஒரு ஃபோல்டரைத் திறந்தது மட்டும்தான். அதற்குக் கூலி வாங்க எனக்குக் கை வரவில்லை.

சரி, அங்கே கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூகுள் நகலையும் எடுத்துவிட வேண்டும். உங்களுக்கு முழு நம்பிக்கை அதில்தான். வாட்ஸ்அப் கூகுளுக்கு அனுப்பும் பேக்கப்பில் எழுத்துச் செய்திகளோடு படங்களும் குரல் பதிவுகளும் சேர்ந்தே போகும். வீடியோ மட்டும் நாம் விரும்பினால்தான்.

இதை வழக்கமாக எல்லாரும் சொல்கிற முறை, வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டு, பழைய நகலை இறக்குவது. அதை நீங்கள் செய்ய வேண்டாம். அப்படிச் செய்தால் ஞாயிறு அதிகாலைக்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும். நடுவில் ஏதாவது தவறினால் திரும்பிப் போக இடமும் இருக்காது. வீட்டில் யாரிடமாவது வேறு ஆண்ட்ராய்டு போன் சும்மா இருந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். திரை கீறல் விழுந்த பழைய போனாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இடம் இருந்தால் போதும். அதில் உங்கள் கூகுள் கணக்கைச் சேருங்கள். எந்தக் கணக்கு என்பது உங்கள் போனில் சாட் பேக்கப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பலருக்கு இரண்டு மூன்று கணக்கு இருக்கிறது. கடைக்காரர் போன் வாங்கிய அன்று அவசரத்தில் தொடங்கிக் கொடுத்த கணக்காகக்கூட இருக்கும். கணக்கு மாறினால் நகல் கண்ணில் படாது.

அதே பக்கத்தில் என்ட் டு என்ட் என்க்ரிப்டட் பேக்கப் என்று ஒரு வரி இருக்கும். அது ஆஃப் என்று இருந்தால் நிம்மதி. ஆன் என்று இருந்தால், அன்று போட்ட பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ பாஸ்கீயோ (விரல் ரேகை, முகம், திரைப்பூட்டு வழியாகத் திறப்பது) இல்லாமல் நகலைத் திறக்க முடியாது. வாட்ஸ்அப்பாலும் கூகுளாலும்கூட முடியாது. இந்தப் பூட்டு 2021-இல் வந்தது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் போட்டதை மறந்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

பிறகு அந்த மாற்று போனில் ப்ளே ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பை ஏற்றி, உங்கள் எண்ணைக் கொடுங்கள். ஆறு இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதைப் போட்டதும், இந்தத் தேதியில் எடுத்த பேக்கப் இருக்கிறது, ரீஸ்டோர் செய்யவா என்று கேட்கும். இந்த ஒரு திரையில் மட்டும் அவசரப்படாதீர்கள். தேதி அந்த ஞாயிறுதானா என்று பாருங்கள். பக்கத்திலேயே ஸ்கிப் என்றும் இருக்கும். கை தவறி அதை அழுத்திவிட்டால் வாட்ஸ்அப்பை நீக்கி முதலிலிருந்து வர வேண்டும். ரீஸ்டோர் கொடுத்ததும் முதலில் எழுத்துகள் இறங்கும். குரலும் படமும் பின்னால் மெதுவாக வரும். வைஃபையில் போட்டு, சார்ஜரில் செருகி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த போனிலும் தானாக பேக்கப் எடுப்பதை நிறுத்துவது.

எண்ணை அங்கே மாற்றியதும் உங்கள் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். பதற வேண்டாம், நீக்காமல் விட்டால் அதில் உள்ள சாட்கள் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் அதே எண்ணை உங்கள் போனில் மறுபடி உறுதி செய்தால் திரும்பிவிடும். நடுவில் வரும் செய்திகள் மாற்று போனுக்குப் போகும், அவ்வளவுதான். விருந்து, சீர், மொய் என்று போன் ஓயாமல் அடிக்கிற நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவேளை கூகுளில் ஏதோ கோளாறு என்றால் இன்னொரு நகல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தினமும் இரவு 2 மணி வாக்கில் போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து வைக்கும். கடைசி ஏழு நாள் நகல்கள் இருக்கும். எட்டாம் நாள் முதல் நகல் கழன்றுவிடும். முன்பு சொன்ன ‘வாட்ஸ்அப்’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’வுக்குப் பக்கத்திலேயே ‘டேட்டாபேசஸ்’ என்று ஒன்று இருக்கும். இன்றைக்கே அந்த ஃபோல்டரை முழுசாக ஒரு கம்ப்யூட்டருக்கோ, போனிலேயே செருகும் ஓடிஜி பென்டிரைவுக்கோ நகல் எடுத்து வையுங்கள். பெயரில் தேதி இருக்கும், ஞாயிறு தேதி உள்ளதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் இந்த நகலில் எழுத்துச் செய்தியும், எந்தக் குரல் எந்த நாளில் வந்தது என்ற கணக்கும் மட்டும்தான் இருக்கும். குரல் கோப்பு இதற்குள் இருக்காது. குரல் கோப்புகள் வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டரில் தப்பியிருந்தால், அவற்றில் எது அம்மாயியுடையது என்று பிரிக்க இது உதவும். இதை இறக்குவதற்குக் கோப்பின் பெயரை மாற்ற வேண்டும், கூகுள் கணக்கு இல்லாத போனில் செய்ய வேண்டும், கொஞ்சம் நுணுக்கமான வேலை. கூகுள் நகல் வந்துவிட்டால் தேவைப்படாது என்பதால் இப்போது அதற்குள் போகவில்லை. பத்திரப்படுத்தி மட்டும் வையுங்கள்.

இப்போது மாமா வீட்டு பீரோவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்.

அம்மாயி உங்களுக்குப் பேசி அனுப்பிய ஒவ்வொன்றும் முதலில் அந்த போனில்தான் பதிவானது. உங்கள் போனில் சாட்டை அழித்ததால் அங்கே எதுவும் அழியாது. அதுமட்டுமில்லை, உங்கள் அம்மாவுக்கு, மாமாவுக்கு, சித்திக்குப் பேசியதும் அங்கேதான் இருக்கும். மூலப் பிரதி என்றால் அதுதான் மூலப் பிரதி. இன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டு, அந்த போனை யாருக்கும் கொடுக்க வேண்டாம், எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம், ரீசெட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி இறந்துபோன அப்பாவின் போனைக் கொண்டுவந்தார். பேட்டர்ன் யாருக்கும் தெரியவில்லை என்று ஒரு கடையில் கொடுத்து ரீசெட் செய்து வாங்கி, ஒரு மாதம் கழித்துத்தான் குரல் ஞாபகம் வந்து என்னிடம் வந்திருந்தார். நான் கைவிரிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தம்பியின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஐப்பசி முடிந்து நான்கு மாதம் ஆகப்போகிறது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத சிம்மை நிறுவனம் துண்டிக்கலாம். அந்த எண் பிறகு வேறு யாருக்காவது போகும். அவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கினால் அம்மாயியின் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். 120 நாள் திறக்காமலே இருந்தால் வாட்ஸ்அப் கணக்கும் நீக்கப்படலாம். அப்படி நீங்கினாலும் ஆப்பை நீக்காதவரை போனுக்குள் இருக்கிற கோப்புகள் போகாது, ஆனால் சாட்டைத் திறந்து பார்க்க அதே எண் மறுபடி வேண்டும். எனவே சிம் உயிரோடு இருந்தால் முதலில் குறைந்த தொகைக்காவது ரீசார்ஜ் செய்யுங்கள். சிம்மைக் கழற்றாமல், போனைச் சார்ஜ் செய்து, வைஃபையில் இணைத்து வாட்ஸ்அப்பைத் திறந்து மூடுங்கள். சார்ஜ் போடுமுன் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நாலு மாதம் கிடந்த போனில் பேட்டரி உப்பியிருந்தால் மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படியிருந்தால் சார்ஜில் போடாமல் நல்ல சர்வீஸ் கடையில் பேட்டரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால்.

பேட்டர்ன் தெரியவில்லை என்றால் கண்டபடி போட்டுப் பார்க்காதீர்கள். அம்மாயிக்குப் பழக்கிவிட்டது நீங்கள்தானே. ‘எல்’ மாதிரியோ நேர்கோடாகவோ சுலபமாக ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். மாமா பேரன் பேத்திகளைக் கேளுங்கள். பாட்டி போனில் விளையாடாத பேரன் எங்கே இருக்கிறான்? போன் திறந்ததும் அங்கேயும் அதே வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டர்தான். அதை முழுசாக பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அது அவருடைய அம்மாவின் போன்.

சொந்தக்காரர்கள் குரூப்பில் அம்மாயி பேசியிருந்தால் அது குரூப்பில் இருக்கும் எல்லார் போனிலும் இருக்கும். ‘அம்மாயி பேசியது யாரிடமாவது இருந்தால் அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள்’ என்று ஒரு வரி போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கேட்டதற்குப் பிறகுதான் அவர்களுக்கும் தோன்றும்.

கடைக்கும் ஆப்புக்கும் வருகிறேன். ஆறாயிரம் கேட்ட கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ‘போனை ரூட் பண்ணுவோம்’, அதாவது போனின் உள் பூட்டுகளை உடைத்து முழு அதிகாரத்தையும் எடுப்போம் என்றால், போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பெரும்பாலான போன்களில் ரூட் செய்ய முதலில் போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் போன் முழுவதும் காலியாகிவிடும். இருந்த கொஞ்சமும் அதோடு போகும். ‘வாட்ஸ்அப் சர்வரிலிருந்து எடுப்போம்’ என்றால் அது நடக்காத காரியம். செய்தி உங்களுக்கு வந்து சேர்ந்ததும் சர்வரில் அதற்கு வேலை முடிந்துவிட்டது. வந்து சேராத செய்தியைத்தான் 30 நாள் வரை பூட்டிய நிலையில் வைத்திருக்கும். தடயவியல் கருவிகள் வைத்திருப்பவர்கள் சில சமயம் அழிந்த எழுத்துச் செய்திகளின் துண்டு துணுக்குகளை எடுப்பதுண்டு. அழிந்த குரல் கோப்புக்கு அது உதவாது.

ரெக்கவரி ஆப் கதையும் இதுதான். ஆண்ட்ராய்டில் ஓர் ஆப்பின் உள் அறைக்குள் இன்னோர் ஆப் நுழைய முடியாது. அதனால் அந்த ஆப்கள் செய்வதெல்லாம், நான் மேலே சொன்ன அதே ஃபோல்டரைக் காட்டிவிட்டுக் காசு கேட்பது. அதற்குள் நோட்டிஃபிகேஷன், எல்லாக் கோப்புகள், ஆக்சசிபிலிட்டி என்று வீட்டுச் சாவிக்கொத்தையே கேட்கும். பேங்க் ஆப்பும் யுபிஐயும் இருக்கிற போனில் அந்தச் சாவியைக் கொடுக்கக் கூடாது. சித்தப்பா பையன் அக்கறையில்தான் சொல்கிறார், அவருக்கும் இதைச் சொல்லுங்கள். யாராவது மீட்டுத் தருகிறேன் என்று, எஸ்எம்எஸ்ஸில் வரும் அந்த ஆறு இலக்க எண்ணைப் போனில் கேட்டால் மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். சொல்லிப் பணம் போனவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

இதைப் படிக்கிற ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த ஏழு நாள் நகலும் கிடையாது, ஃபோல்டரும் இப்படித் திறக்காது. ஐகிளவுட் பேக்கப் தேதிதான் கதி. இன்றைக்கே அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

குரல் கிடைத்த பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி வாட்ஸ்அப்பை நம்பி அதற்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். கோப்புகளை ‘அம்மாயி’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒன்று உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ, ஒன்று கூகுள் டிரைவில், ஒன்று மாமா வீட்டில். குரல் கோப்புகள் மிகச் சின்னவை. மூன்று வருடப் பேச்சும் சேர்ந்தால்கூட வீட்டில் கிடக்கும் பென்டிரைவின் ஒரு மூலையில் அடங்கிவிடும். உங்கள் போனை நிறைத்தது அம்மாயி இல்லை. குரூப்களில் வந்து குவிந்த வீடியோக்கள்தான். செட்டிங்ஸில் மேனேஜ் ஸ்டோரேஜ் போனால் பெரிய கோப்பு எது என்று அதுவே வரிசைப்படுத்திக் காட்டும். பையனுக்கு அந்த இடத்தைக் காட்டிக் கொடுங்கள், அடுத்த முறை அவனே சரியாகச் செய்வான்.

கோப்புகளின் பெயரையும் அவனை விட்டே எழுதச் சொல்லலாம். தேதியை அழிக்காமல், அதன் பின்னால் இரண்டு சொல்: ‘கன்னு போட்டது’, ‘காய்ச்சல் விசாரித்தது’, ‘நோம்பிக்கு வரச்சொன்னது’ என்று. பிறகு தேடும்போது கேட்காமலே கண்டுபிடிக்கலாம். சில கோப்புகள் எல்லாப் பிளேயரிலும் ஓடாது, விஎல்சியில் ஓடும். வடிவம் மாற்றுகிறேன் என்று மூலக் கோப்பைத் தொட வேண்டாம்.

சனிக்கிழமை மாற்று போனில் உட்காரப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ரீஸ்டோர் கேட்கும் திரையில் அந்த ஞாயிறு தேதி இல்லாமல் வேறு தேதி காட்டினாலோ, பேக்கப்பே இல்லை என்று சொன்னாலோ, எதையும் அழுத்தாமல் அந்தத் திரையை இன்னொரு போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். மாமா வீட்டு போனுக்கு என்ன மாடல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்கே பதில் போடுகிறேன்.